ஆறு பிறக்கும் மலைக்கு ஒரு சைக்கிள் பயணம்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு மேடு என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கம் போனால் வயல் வெளி தட்டுப் போலக் கிடக்கும். ஜெராம் பக்கம் திரும்பினால் கடலோரச் சமவெளி. நம் ஊருக்கு மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் உண்டு. அது புக்கிட் மெலாவத்தி. 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்துக் கோட்டைக்குத் தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரைச் சூட்டினார்களே, அதே குன்று. 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் அங்கே நிற்கிறது. குரங்குகளுக்குக் கச்சான் போட்டுவிட்டு இறங்கி வருபவர்கள் அதை மலை என்றே சொல்லட்டும். சைக்கிள் மிதிப்பவனுக்கு அது பத்து நிமிட வேலை.

ஆனால் நம் ஊர் ஆறு எங்கிருந்து வருகிறது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கண் சிமிட்டுகின்றனவே, பாசிர் பெனாம்பாங் பக்கம் மீன் படகுகள் வரிசையாக நிற்கின்றனவே, அந்தச் சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைத் தொடரில் பிறந்து, கோலகுபு பாருவைத் தொட்டு, ஏறக்குறைய 110 கிலோமீட்டர் ஓடி நம் வாசலுக்கு வருகிறது. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் இதைக் கோல் வைத்துக் காட்டியபோது ஒரு பெண் குழந்தை, “சார், நீங்க அங்க போயிருக்கீங்களா?” என்று கேட்டாள். காரில் போயிருக்கிறேன் என்றேன். கார் கண்ணாடிக்குள் உட்கார்ந்து பார்த்த மலை மனத்தில் நிற்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்தது.

சைக்கிள் நமக்குப் புதிதா என்ன? பெரட்டுக்குப் போகிற தண்டல், பால் வாளியோடு போகிற அப்பா, கத்தி கட்டிய நீளக் கழியைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குப் போகிற அண்ணன் என்று தோட்டத்தின் கால்களே ஒரு காலத்தில் சைக்கிள்தான். ரேலி சைக்கிள் வைத்திருந்தவர் மாப்பிள்ளைக்குச் சமம். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. இன்று கடைக்குப் போய் ஒரு கட்டுக் கீரை வாங்கவும் மோட்டார்தான். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. பயிற்சிக் கல்லூரி நாளில் நூறு கிலோமீட்டர் மிதித்த நானே, வேலையும் குடும்பமும் வந்த பிறகு சைக்கிளைச் சுவரில் மாட்டிவிட்டு இருபது வருடம் திரும்பிப் பார்க்கவில்லை.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வீட்டில் முடங்கிக் கிடந்தபோது உடம்பு கனத்தது. கிளினிக்கில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். இதில் நான் தனி ஆள் இல்லை. 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 31.4. மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் லயத்து வரிசையில் வீடு வீடாக எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாகவே வரும். ஆக, சுவரிலிருந்து சைக்கிளை இறக்கியதற்கு ஆறு ஒரு காரணம், சர்க்கரை இன்னொரு காரணம்.

சமவெளியில் மீண்டும் மிதிக்கத் தொடங்குவது கஷ்டமே இல்லை. முதல் மாதம் புக்கிட் ரோத்தான் கோயில் வரை போய்த் திரும்புவது, இரண்டாம் மாதம் ஈஜோக், மூன்றாம் மாதம் பெஸ்தாரி ஜெயா. (2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரில் இருந்த ஊர்தான், நம் பெரியவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.) மாலையில் கடல் காற்று முகத்தில் அடிக்கும்போது அதுவே ஒரு மேடு ஏறுவது போலத்தான். ஆனால் பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி, பழைய ஈயக் குட்டைகளைக் கடந்து, பத்து ஆராங் பக்கமாக ரவாங்குக்குப் போகும்போதுதான் பூமி அலை அலையாக எழும்பும். 1915 முதல் 1960 வரை நிலக்கரி தோண்டிய ஊர் பத்து ஆராங். செங்கல் சூளையின் புகைபோக்கிகளை இன்றும் பார்க்கலாம். அங்கேதான் என் சைக்கிளின் வண்டவாளம் வெளிப்பட்டது. அந்தச் சிறு மேடுகளிலேயே பெடல் நகர மறுத்தது. முழங்கால் ‘கிரிச்’ என்றது.

கூட வந்த அண்ணன், செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்றவர், அறுபதைத் தொட்டவர், இறங்கித் தள்ளிக்கொண்டே சொன்னார்: “வயசாயிருச்சு வாத்தியாரே, இனி மேடெல்லாம் நமக்கு இல்ல.”

இந்த ஒரு வாக்கியத்தை மறுப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். வயதுக்கும் மேட்டுக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். பல்லுக்கும் மேட்டுக்கும் இருக்கும் சம்பந்தமே பெரிது. வாயில் இருக்கும் பல்லைச் சொல்லவில்லை, சக்கரத்துப் பல்லைச் சொல்கிறேன்.

கணக்கு ஆசிரியன் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் சைக்கிளில் முன்னால் இரண்டு பல்சக்கரம்: 52 பல் ஒன்று, 42 பல் ஒன்று. பின்னால் எட்டு, அதில் மிகப் பெரியது 25 பல். மேட்டுக்கு மிக லேசான கியர் என்றால் முன்னால் 42, பின்னால் 25. நாற்பத்திரண்டை இருபத்தைந்தால் வகுத்தால் 1.68. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு மூன்றரை மீட்டர் மேலே போயாக வேண்டும். சமவெளிக்கு இது பொருத்தம். மலைக்கு இது கொலை.

மலையில் நம்மைப் போன்றவர்கள் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் போதும். அந்த வேகத்தில் என் பழைய கியரில் பெடல் நிமிடத்துக்கு 45 சுற்றுத்தான் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் உடம்பு முழுவதையும் முழங்காலில் ஏற்றி அழுத்த வேண்டும். இதையே முன்னால் 34 பல், பின்னால் 32 பல் என்று மாற்றிவிட்டால் ஒரு மிதிக்கு 2.2 மீட்டர்தான். அதே வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 70 சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு மிதியும் தையல் மிஷின் மிதிப்பது போல லேசாக இருக்கும். மலை அதே மலை. ஏற வேண்டிய உயரமும் அதே உயரம். சுமையைச் சிறு சிறு கட்டாகக் கட்டித் தூக்குகிறோம், அவ்வளவுதான். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் இந்த வேகத்தில் ஏற, பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பு எரிவதற்கான சக்திக்கு மேல் கொஞ்சம் போதும். அது நடுத்தர வயதுக்காரரின் காலில் தாராளமாக இருக்கிறது.

“கியர் போட்டு ஏறுவது ஏமாற்று வேலை” என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிரான்சு நாட்டின் பெரிய சைக்கிள் பந்தயத்திலேயே 1937 வரை கியர் மாற்றியை அனுமதிக்கவில்லை. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். உலகத்திலேயே வலுவான கால்கள் கொண்டவர்களுக்கே கியர் தேவைப்பட்டது என்றால், பால் வெட்டியும் குலை சுமந்தும் தேய்ந்த கால்களுக்குத் தேவைப்படுவதில் என்ன வெட்கம்?

இனி, மாற்றும் வேலைக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும்.

பின்னால் உள்ள பல்சக்கரக் கொத்தை மாற்றுவதுதான் முதல் வேலை, மலிவானதும் அதுவே. எட்டுப் பல்சக்கரக் கொத்தில் 11 முதல் 32 பல் வரை உள்ளது கிடைக்கும். ஆனால் பெரிய பல் வந்தால் பழைய செயின் நீளம் பற்றாது. செயினை இழுத்துப் பிடிக்கும் பின் கியர் மாற்றியின் கையும் நீளமானதாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் இதை ‘ஆர்.டி.’ என்பார்கள். “கை நீளமான ஆர்.டி. வேண்டும்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கொத்து, செயின், ஆர்.டி. மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. தேய்ந்த செயின் புதுப் பல்லில் உட்காராமல் குதிக்கும்.

முன் பல்சக்கரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய பந்தய சைக்கிள்களில் பல்சக்கரத்தை மாட்டும் ஐந்து துளைகள் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். அந்த வட்டத்தில் 38 பல்லுக்குக் குறைவாக எதையும் மாட்டவே முடியாது. 34 வேண்டும் என்றால் 110 மில்லிமீட்டர் வட்டம் உள்ள பெடல் கட்டையையே மாற்ற வேண்டும். இது தெரியாமல் வெறும் பல்சக்கரத்தை வாங்கி வந்து வீட்டில் வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். துளையிலிருந்து துளைக்கு அளந்துகொண்டு போங்கள்.

டயர் இன்னொன்று. பந்தய சைக்கிளின் 23 மில்லிமீட்டர் டயர் நம் தோட்டத்துச் செம்மண் சாலைக்கும் லாரி பெயர்த்த தாருக்கும் ஆகாது. சட்டத்திலும் பிரேக்கிலும் இடம் இருந்தால் 28 போடுங்கள். காற்றையும் கொஞ்சம் குறைத்து அடிக்கலாம். இடுப்பு நன்றி சொல்லும்.

“எங்கள் வீட்டில் இருப்பது தாத்தா காலத்துச் சைக்கிள், அதில் எட்டுக் கியருக்கு எங்கே போவது?” என்பீர்கள். அதற்கும் வழி உண்டு. பின்னால் 18 பல் இருந்தால் அதைக் கழற்றி 22 பல் போடுங்கள். முன்னால் 46 பல் என்றால் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல் போனது நாலரை மீட்டர் அளவுக்கு இறங்கும். மலை ஏற அது போதாது. தோட்டத்து மேட்டுக்கும் பாலத்துக்கும் போதும். பழைய ரேலிகளில் பின் அச்சுக்குள் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 1936-இல் வந்த அந்த அமைப்பு, லேசான கியரில் மிதியை நாலில் ஒரு பங்கு குறைத்துக் கொடுக்கும். எண்ணெய் விட்டுக் கம்பியைச் சரிசெய்தால் பலவும் இன்னும் வேலை செய்யும். தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள்.

என் சைக்கிளுக்கு எல்லாம் முடித்து, பழகிய பட்டறைக்காரர் ஒருவர் பாதிப் பொருளைப் பழையதில் தேடிக் கொடுத்ததால், ஒரு நல்ல கைத்தொலைபேசியின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அண்ணனுக்கு மலைச் சைக்கிள் ஒன்றை இரண்டாம் கையில் வாங்கினோம். அதில் முன்னால் 28, பின்னால் 28. ஒரு மிதிக்கு ஒரு சுற்று. ஓட்டிப் பார்த்துவிட்டு, “காத்துல மிதிக்கிற மாதிரி இருக்கே!” என்றார்.

பயிற்சிக்கு புக்கிட் மெலாவத்தியே போதும். வார நாளில் விடியற்காலை கூட்டம் வருமுன் பத்துத் தடவை ஏறி இறங்கினால் கால் பழகும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் முதலில் கிளினிக்கில் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். சட்டைப் பையில் நாலு மிட்டாய் கட்டாயம். சர்க்கரை ஏறுவது மெல்ல, இறங்குவது திடீரென்று. கை நடுங்கி வியர்த்தால் அதே இடத்தில் இறங்கி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பயணத்துக்கு வருவோம். ஒரு நாளில் கோலசிலாங்கூரிலிருந்து மலை உச்சி வரை போக நாங்கள் துணியவில்லை. முதல் நாள் பெஸ்தாரி ஜெயா, ரவாங், பிறகு கூட்டரசுச் சாலை 1-இல் வடக்கே திரும்பி செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலகுபு பாரு. டோல் கட்டும் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை, பழைய சாலைதான். லாரிகள் அதிகம். பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கை எரியவிட்டோம். தலைக்கவசம் பற்றித் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

கோலகுபு பாரு அழகான சிற்றூர். 1883-இல் பழைய கோலகுபுவின் அணை உடைந்து ஊரை வெள்ளம் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் ஆறு அடிக்கடி ஊருக்குள் வந்ததால், 1930-ஐ ஒட்டி மேட்டில் புதிய ஊரைக் கட்டினார்கள். பெயரிலுள்ள ‘பாரு’ அதனால்தான். இரவு அங்கே தங்கி, வயிறு நிறைய தோசை சாப்பிட்டு, விடியற்காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

கூட்டரசுச் சாலை 55. இங்கிருந்து பிரேசர் மலைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முதலில் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கட்டிய சிலாங்கூர் ஆற்று அணை. கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றுத் தண்ணீர். அணையைச் சுற்றிப் போகும் சாலை சட்டென்று செங்குத்தாக எழும்பும். புதியவர்கள் மூச்சை விடுவது இங்கேதான். பயப்படாமல் கடைசிக் கியருக்குப் போய், உட்கார்ந்த இடத்திலேயே மிதியுங்கள். எழுந்து நின்று மிதிப்பது பந்தயக்காரர் வேலை. அணை தாண்டியதும் தெமுவான் பழங்குடி மக்களின் பெர்தாக் கிராமம். பிறகு காடு.

அதன் பிறகு சாலை அவ்வளவு செங்குத்தல்ல. ஆனால் முடியாது. ஒரு வளைவு, அதற்கப்பால் இன்னொரு வளைவு. இடப்பக்கமோ வலப்பக்கமோ ஆற்றின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊரில் காப்பி நிறத்தில் அகலமாகப் படுத்துக் கிடக்கும் ஆறு, இங்கே கல்லுக்குக் கல் தாவுகிறது. தண்ணீர் கண்ணாடி. அண்ணன் இறங்கி முகம் கழுவிவிட்டு, “இதுவா நம்ம ஆத்துத் தண்ணி?” என்று இரண்டு தடவை கேட்டார்.

காரில் போகும்போது காணாத ஒன்றைச் சைக்கிளில் கண்டேன். சாலையோரத்துப் பழைய கல் கட்டுகள், நீர் ஓட வெட்டிய கால்வாய்கள். மணிக்கு ஒன்பது கிலோமீட்டரில் போகிறவனுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். மலாயாவின் சாலைகளுக்கும் தண்டவாளங்களுக்கும் மண் சுமந்தவர்களில் பெரும்பங்கு தென்னிந்தியத் தொழிலாளர்கள். எந்த வளைவில் யார் பாட்டனார் நின்றார் என்று எழுதி வைக்க ஆள் இல்லை. வேறொருவர் பெயர் மட்டும் வழியில் எழுதப்பட்டிருக்கிறது: 1951 அக்டோபர் 6-ஆம் தேதி, அவசரகாலத்தில், பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி இந்தச் சாலையில்தான் காட்டுக்குள் பதுங்கியிருந்தவர்களால் சுடப்பட்டு இறந்தார். நினைவுக் குறி இருக்கும் வளைவில் நின்று தண்ணீர் குடித்தோம்.

‘தி கேப்’ என்னும் கணவாயில் சிலாங்கூர் முடிந்து பகாங் தொடங்குகிறது. இங்கிருந்து உச்சிக்கு எட்டு கிலோமீட்டர். குறுகிய பாதை, குளிர்ந்த காற்று, மூங்கில், பெரணி. 2015-இல் லங்காவி சைக்கிள் பந்தயம் கெந்திங்குக்குப் பதிலாக இந்த மலைக்குத்தான் வந்தது. பந்தயக்காரர்கள் பறந்த பாதையில் நாங்கள் ஊர்ந்தோம். நான்கு தடவை நின்றோம். யாரும் இறங்கித் தள்ளவில்லை. 1,200 மீட்டர் உயரத்துக்கு மேல், மணிக்கூண்டு அருகே சைக்கிளைச் சாய்த்தபோது மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். அண்ணன் கைத்தொலைபேசியில் வீட்டுக்குப் பேசினார். “மேல வந்துட்டேன்… இல்ல, வேன்ல இல்ல, மிதிச்சுத்தான்” என்று அவர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். பிடி, விடு, பிடி, விடு என்று வர வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் அல்ல. புறப்படுமுன் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றுங்கள். பிற்பகலில் மழை வரும்; மழையில் ரிம் பிரேக் பிடிக்க இரண்டு மடங்கு தூரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். மண் சரிவால் மலைச்சாலை மூடப்படுவதும், ஒருவழி நேரங்கள் மாறுவதும் உண்டு. கோலகுபு பாருவிலேயே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

தமிழ்நாட்டில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஆண்டுதோறும் சைக்கிள் பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அண்ணனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“அந்த மேட்டுக்கு எத்தனை பல்லு வேணும் வாத்தியாரே?”

பின்னால் 34 போட வேண்டியிருக்கும் என்றேன். பட்டறைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.